வாசகர் கேள்வி – பதில்: நீராவியும் பெட்ரோலும் பழகிய கைகள்

தூத்துக்குடி வாசகி ஒருவர் தம் தந்தையாரின் முதலாண்டு நினைவு மலரைப் பற்றி யோசனை கேட்டு எழுதியிருந்தார். தந்தையார் முன்னாள் கடற்படை வீரர். மோட்டார் சைக்கிள் மீது தீராத பற்றுக் கொண்டவர். இதே பொருளை ஒட்டி வேறு சில கடிதங்களும் வந்திருப்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் அப்பா பதினைந்து ஆண்டுகள் கடற்படையில் இருந்தார். 1971 போரின்போது விக்ராந்த் கப்பலின் பாய்லர் அறையில் வேலை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் ஒரு பழைய 1968ஆம் வருட புல்லட்டை வாங்கினார். பிறகு தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் சேர்ந்தார். வண்டியைக் கடைசி வரை தம் கையாலேயே பராமரித்தார். நினைவு மலர் போடலாம் என்று உட்கார்ந்தால், போரைப் பற்றி எழுத எங்களிடம் எதுவுமே இல்லை. எப்போது கேட்டாலும், "நான் ஒண்ணும் பாக்கலம்மா, கீழ பாய்லர்லதான் கெடந்தேன்" என்பதோடு முடித்துக்கொள்வார். "வீரத் திருமகன்" என்று தலைப்பிட்டு நான்கு வரி கவிதை போட்டால் போதும் என்கிறார் என் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன எழுதலாம்? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: அம்மா, தங்கள் தந்தையார் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையே மலரின் முதல் வரியாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது அடக்கத்துக்காகச் சொன்ன சொல் அன்று, முழு உண்மை. பாய்லர் அறையில் நின்றவருக்கு வானமும் தெரியாது, கடலும் தெரியாது. ஆனால் அவர் கீழே "கிடந்த" அந்த நாட்களில் மேலே என்ன நடந்தது என்பதும், அதற்கும் அவருடைய வேலைக்கும் என்ன தொடர்பு என்பதும் பதிவாகியிருக்கின்றன. அவற்றை அவருடைய வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் தங்கள் மலருக்கு வேறு அலங்காரம் வேண்டியிராது.

விக்ராந்த் நம் நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பல். இரண்டாம் உலகப்போர் முடிந்த நேரத்தில், 1945இல், "ஹெர்குலிஸ்" என்ற பெயரில் இங்கிலாந்தில் நீரில் இறக்கப்பட்டு, பாதி வேலையோடு நிறுத்தப்பட்ட அந்தக் கப்பலை 1957இல் இந்தியா வாங்கியது. பெல்ஃபாஸ்ட் நகரில் வேலை முடிந்து, 1961 மார்ச் 4ஆம் தேதி அது நம் கடற்படையில் சேர்ந்தது. அதற்கு நான்கு பாய்லர்கள். அவற்றின் நீராவியில் ஓடும் டர்பைன்கள் 40,000 குதிரைத்திறன் தந்து, கப்பலை மணிக்கு 24 கடல் மைலுக்கு மேல் செலுத்தக்கூடியவை. மலரில் அவசியம் இடம்பெற வேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. 1970ஆம் ஆண்டின் நடுவில் அந்தப் பாய்லர்களின் நீர்க்கலங்களில் விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. பற்றவைத்துச் சரிசெய்ய முடியாத விரிசல்கள் அவை. மாற்றுக் கலங்களோ உள்நாட்டில் இல்லை. பாய்லர்களைத் தொடவே கூடாது என்று உத்தரவாகி, கப்பல் மாதக்கணக்கில் மும்பையில் நின்றது. கிழக்கே போர் மேகம் சூழ்ந்தபோது, 1971 மார்ச் தொடக்கத்தில், அதே பாய்லர்களைக் குறைந்த அழுத்தத்தில் மூட்டிப் பார்த்தார்கள். புதிய கலங்கள் வராமலேயே கப்பல் கடலுக்குப் போனது. கொச்சிக்கும், அங்கிருந்து சென்னைக்கும் வந்து, பிறகு விசாகப்பட்டினம் வழியாக அந்தமானை அடைந்தது.

விரிசல் கண்ட பாய்லரின் முன் வாட்ச், அதாவது முறைப் பணியில், நின்ற மனிதர்களில் ஒருவர் தங்கள் தந்தையார். போர்க்கப்பலில் வாட்ச் என்பது பெரும்பாலும் நான்கு மணி நேரம். அந்த நேரம் முழுவதும் ஒரு கண் நீர்மட்டக் கண்ணாடிக் குழாயிலும், மற்றொரு கண் அழுத்தமானியிலும் இருக்க வேண்டும். நீர் குறைந்தால் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். கூடினால் நீராவியோடு தண்ணீரும் டர்பைனுக்குள் புகுந்து தகடுகளைச் சிதைக்கும். மேலிருந்து வேகத்தைக் கூட்டச் சொல்லி உத்தரவு வந்தால், எண்ணெயைப் பீய்ச்சும் பர்னர்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். குறைக்கச் சொன்னால் ஒவ்வொன்றாக மூட வேண்டும். காற்றும் எண்ணெயும் ஒத்துப்போகாவிட்டால் புகைபோக்கியில் கரும்புகை கிளம்பி, கப்பல் இருக்கும் இடத்தைத் தொலைதூரத்துக்குக் காட்டிக் கொடுத்துவிடும். இத்தனையையும் வெப்பத்திலும் காது அடைக்கும் இரைச்சலிலும் செய்தாக வேண்டும். இவ்வளவு நுணுக்கமான கவனத்தைக் கேட்ட வேலையைத்தான் தங்கள் தந்தையார் "கெடந்தேன்" என்ற ஒற்றைச் சொல்லில் சொல்லி முடித்திருக்கிறார்.

மேலும் ஒன்று. விக்ராந்தின் மேல்தளத்திலிருந்து விமானங்களை உந்தி எறிந்த கருவி, அதாவது கேட்டபல்ட், நீராவியால் இயங்கியது. அந்த நீராவியும் இதே பாய்லர்களிலிருந்துதான் வந்தது. 1971 டிசம்பர் 4ஆம் தேதி விக்ராந்திலிருந்து எழும்பிய சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அலீஸே விமானங்கள் இரவிலும் பறந்தன. அடுத்த நாட்களில் குல்னா, மங்களா துறைமுகங்கள் வரை தாக்குதல் நீண்டு, கிழக்கு வங்கத்தின் கடல்வழி அடைபட்டது. அந்த விமானங்களில் ஒன்றுகூடத் தங்கள் தந்தையாரின் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் கீழே நீராவி இல்லாமல் அவற்றில் ஒன்றுகூட அந்தத் தளத்தை விட்டு எழும்பியிருக்க முடியாது. அண்ணன் விரும்பும் வீரம் இங்கேதான் இருக்கிறது. அதை அடைமொழியாக எழுதினால் யாருக்கும் பொருந்தும். இப்படி எழுதினால் தங்கள் தந்தையாருக்கும் அவரோடு நின்றவர்களுக்கும் மட்டுமே பொருந்தும்.

அவர் எந்த ஆண்டு எந்தக் கப்பலில் அல்லது எந்தப் பயிற்சித் தளத்தில் இருந்தார் என்பதை அவருடைய பணிச் சான்றிதழும் டிஸ்சார்ஜ் புத்தகமும் தேதியோடு சொல்லும். வீட்டில் கிடைக்காவிட்டால், மும்பை மான்குர்துப் பகுதியில் உள்ள கடற்படை மாலுமிகள் பதிவகத்துக்கு அவருடைய பணி எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அதற்கு வழிகாட்டும். பதக்கங்கள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். 1971 போர்க்காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குச் சங்கிராம் பதக்கமும், கிழக்குப் போர்முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார் பதக்கமும் வழங்கப்பட்டன. சங்கிராம் பதக்கத்தின் விளிம்பில் பணி எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, அந்த எழுத்துகளை அப்படியே மலரில் தாருங்கள்.

பிறகு புல்லட்டுக்கு வாருங்கள். தங்கள் கடிதத்தில் அது ஒரு வாக்கியமாக நின்றுவிட்டது. மலரில் அதற்குச் சரிபாதி இடம் தர வேண்டும் என்பது என் கருத்து. கடற்படையிலிருந்து வந்தவருக்கு மோட்டார் சைக்கிள் எப்படிப் பிடித்துப்போனது என்று பலர் வியப்பார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. எண்ணெய், அழுத்தம், வெப்பம், ஓசை ஆகியவற்றைக் கொண்டு ஓர் இயந்திரத்தின் உடல்நிலையை அறியும் பழக்கம் பதினைந்து ஆண்டுகளில் ஊறிப்போன கைகளுக்கு, அந்தக் காலத்துப் புல்லட்டைவிடப் பொருத்தமான வண்டி நம் நாட்டில் இல்லை. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா, திருவொற்றியூரில் அந்த வண்டியை உருவாக்கியது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட ஒற்றை சிலிண்டர், 346 சி.சி., வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அதன் டாப்பெட்டை, அதாவது வால்வுகளை இயக்கும் பாகத்தின் இடைவெளியை, சரிசெய்யும் முறை தங்கள் தந்தையார் போன்றவர்களுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே நிற்கும் புஷ்ராட் கம்பியை விரல்களால் உருட்டிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் உருள வேண்டும், ஆனால் மேலும் கீழும் அசையக் கூடாது. அளவுகோல் எதுவும் வேண்டாம், விரல் நுனியே போதும்.

ஆகவே அவருக்குப் பழக்கமான மெக்கானிக் யாராவது இருந்தால், ஒரு மாலை நேரம் அவரிடம் போய் உட்காருங்கள். எந்த உதிரிபாகத்தை எங்கிருந்து வரவழைத்தார், எந்த வேலையை யாரிடமும் விடமாட்டார், எந்த ஓசையைக் கேட்டால் வண்டியை ஓரங்கட்டுவார் என்று கேளுங்கள். குடும்பத்தாரிடம் சொல்லாதவற்றை இத்தகைய மனிதர்கள் பட்டறையில் சொல்லியிருப்பார்கள். மின் நிலையத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். அந்த நிலையத்தின் முதல் அலகு 1979இல் இயங்கத் தொடங்கியது. கடற்படையில் நீராவியோடு பழகியவர்களின் அனுபவத்துக்கு அங்கே நேரடியான மதிப்பு இருந்தது. கப்பல், மின் நிலையம், புல்லட் என்று மூன்று இடங்களிலும் அந்தக் கைகள் செய்த வேலையை வரிசையாக எழுதுங்கள். கவிதையையும் அண்ணன் விருப்பப்படி கடைசிப் பக்கத்தில் போட்டுவிடுங்கள், அதில் தவறில்லை.

கேள்வி: என் தாய்மாமா கடற்படையில் இருந்தவர். 2016ஆம் ஆண்டில், எழுபது வயதை நெருங்கும்போது, பஜாஜ் நிறுவனத்தின் "வி" என்ற மோட்டார் சைக்கிளை வாங்கினார். "நான் வேலை பார்த்த கப்பல் மேலதான்டா உக்காந்து போறேன்" என்று எங்களிடம் பெருமையாகச் சொல்வார். அது விளம்பரத்துக்காகச் சொன்ன கதை என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். இப்போது மாமா இல்லை. அவர் சொன்னது உண்மைதானா? (வாசகர், மதுரை)

பதில்: உண்மைதான். தங்கள் மாமா ஏமாறவில்லை.

விக்ராந்த் 1997 ஜனவரி 31ஆம் தேதி பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. அதன்பின் 2001 முதல் 2012 வரை மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. பராமரிக்க இயலாத நிலையில், பாதுகாப்புக் காரணங்களைச் சொல்லி அதை மூடினார்கள். கப்பலை உடைக்கக் கூடாது என்று வழக்குகள் நடந்தன. முன்னாள் வீரர்கள் பலர் மனம் நொந்து குரல் கொடுத்தார்கள். ஏலத்தில் ஏறத்தாழ 60 கோடி ரூபாய்க்குப் போன கப்பலை உடைப்பதற்கு இருந்த தடையை 2014 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அந்த ஆண்டின் இறுதியில் உடைக்கும் வேலை தொடங்கியது. அந்த உலோகத்தில் ஒரு பகுதியை வாங்கி உருக்கிய பஜாஜ் நிறுவனம், 2016 பிப்ரவரி 1ஆம் தேதி அறிமுகம் செய்த 150 சி.சி. வண்டியில் அதைச் சேர்த்திருப்பதாக அறிவித்தது. பெட்ரோல் டேங்கில்தான் அந்த உலோகம் சேர்ந்திருந்தது. பின்னர் 125 சி.சி. வகை ஒன்றும் வந்தது.

ஒரு வண்டிக்குள் சேர்ந்த கப்பலின் பங்கு சிறியதாகவே இருந்திருக்கும்; உருக்கிய இரும்பில் எது கப்பல், எது மற்றது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும் கேலி செய்த நண்பர்களின் பக்கம் நான் நிற்கமாட்டேன். அந்தக் கப்பலை முழுதாக வைத்துக் காப்பாற்ற ஒரு நாட்டால் முடியாமற் போன பிறகு, அதில் வேலை பார்த்த ஒருவர் தம் ஓய்வூதியத்திலிருந்து பணம் எடுத்து, அதில் தமக்குக் கிடைக்கக்கூடிய அளவை வாங்கித் தம் வீட்டு வாசலில் நிறுத்திக்கொண்டார். விளம்பரத்தை நம்பி வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள். தங்கள் மாமா வாங்கியது வேறொரு காரணத்துக்காக. அவர் அந்தக் கப்பலில் எந்தப் பிரிவில் இருந்தார் என்று தாங்கள் எழுதவில்லை. விமானத் தளமா, எஞ்சின் அறையா, சமையற்கூடமா என்பதைக் கேட்டறிந்து, வண்டியோடு அவர் நிற்கும் படத்தின் கீழே குறித்து வையுங்கள். வண்டி இன்னும் வீட்டில் இருந்தால், டேங்குக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்துவிட வேண்டாம்.

கேள்வி: என் அண்ணன் 1965 முதல் 1980 வரை கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய கல்லறையில் கடற்படைக் கொடியைச் செதுக்க விரும்புகிறோம். ஆனால் இணையத்தில் பார்த்தால் பல விதமான கொடிகள் தெரிகின்றன. எது சரி? இறுதிச் சடங்கில் தேசியக் கொடி போர்த்தவில்லையே என்ற வருத்தமும் எங்களுக்கு உண்டு. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இணையத்தில் தாங்கள் கண்ட கொடிகள் வெவ்வேறு காலங்களைச் சேர்ந்தவை. 1950 ஜனவரி 26 முதல் 2001 வரை, வெள்ளைத் துணியில் செந்நிறச் சிலுவைக் கோடுகளும், மேல் இடது மூலையில் மூவர்ணக் கொடியும் கொண்டது நம் கடற்படைக் கொடி. 2001இல் சிலுவைக் கோடுகள் நீக்கப்பட்டுக் கடற்படைச் சின்னம் வந்தது. 2004இல் கோடுகள் திரும்பி, அவற்றின் நடுவில் அசோகச் சின்னம் சேர்ந்தது. 2014இல் அந்தச் சின்னத்தின் கீழ் "சத்யமேவ ஜயதே" எழுதப்பட்டது. 2022 செப்டம்பர் 2ஆம் தேதி, கொச்சியில் புதிய விக்ராந்த் பணியில் சேர்ந்த நாளன்று, சிலுவைக் கோடுகள் முற்றிலும் நீக்கப்பட்டு, சிவாஜியின் முத்திரையை நினைவூட்டும் எண்கோண வடிவம் கொண்ட இப்போதைய கொடி அறிமுகமானது.

தங்கள் அண்ணன் பணியாற்றிய பதினைந்து ஆண்டுகளும் முதல் கொடியின் காலத்திலேயே அடங்குகின்றன. கப்பலின் பின்முனையில் நாள்தோறும் காலையில் ஏற்றப்பட்டு மாலையில் இறக்கப்படும்போது அவர் நிமிர்ந்து நின்று வணங்கிய கொடி அதுதான். அதையே செதுக்குங்கள். பழைய கொடி என்று யாராவது ஆட்சேபித்தால் அவருடைய பணி ஆண்டுகளைக் காட்டுங்கள். எனக்குத் தோன்றும் இன்னொரு வழி, கொடிக்குப் பதிலாக அவர் நீண்ட காலம் இருந்த கப்பலின் பெயரையும் ஆண்டுகளையும் மட்டும் பொறிப்பது. கல் சிறியதாக இருந்தால் அதுவே தெளிவாகவும் நிற்கும்.

தேசியக் கொடியைப் பொறுத்தவரை மனம் வருந்த வேண்டாம். இந்தியக் கொடி விதிமுறைத் தொகுப்பின்படி, அரசு மரியாதையுடனோ, ராணுவ மரியாதையுடனோ, மத்திய துணை ராணுவப் படைகளின் மரியாதையுடனோ நடக்கும் இறுதிச் சடங்குகளில் மட்டுமே சவப்பெட்டியின் மீது தேசியக் கொடியைப் போர்த்தலாம். குடும்பத்தார் தாமாக நடத்தும் சடங்குகளில் போர்த்தக் கூடாது. போர்த்தும் இடங்களிலும் அதைக் குழிக்குள் இறக்கவோ தீயில் இடவோ கூடாது. தாங்கள் போர்த்தாமல் விட்டது, தங்கள் அண்ணன் வாழ்நாள் முழுதும் மதித்த ஒழுங்கின்படியே நடந்தது.

கேள்வி: என் கணவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய 1972ஆம் வருட புல்லட் ஆறு மாதமாக வராந்தாவில் நிற்கிறது. விற்றுவிடச் சொல்கிறார்கள் உறவினர்கள். நல்ல விலையும் சொல்கிறார்கள். எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஆர்.சி. அவர் பெயரிலேயே இருக்கிறது, வண்டியைக் கிளப்பவும் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கல்லூரியில் படிக்கும் பேத்திக்கு ஓட்ட ஆசை. என்ன செய்வது? (வாசகி, திருச்சி)

பதில்: அம்மா, விற்பதா வேண்டாமா என்பதைத் தாங்கள் முன்பே முடிவு செய்துவிட்டீர்கள் என்று கடிதமே சொல்கிறது. ஆகவே வைத்துக்கொள்வதற்கான வழியை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஆவணம். உரிமையாளர் இறந்தால், இறந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதங்களுக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. தங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. அதற்காக உரிமை போய்விடாது. இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், ஆர்.சி. புத்தகம், காப்பீடு ஆகியவற்றோடு நேரில் சென்று தாமதத்தை விளக்கி விண்ணப்பியுங்கள். ஆர்.சி. கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். முதல் 15 ஆண்டுகளுக்குப் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும்.

முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகள் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 1972ஆம் வருட வண்டி இதற்குத் தகுதி பெறும். பழைய பதிவு எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. பேத்தி ஓட்ட வேண்டுமென்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே மேல். வண்டி ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது.

ஆறு மாதம் நின்ற வண்டியை உடனே உதைக்க வேண்டாம். டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, எண்ணெயை மாற்றி, பேட்டரியையும் காண்டாக்ட் பாயின்ட்டையும் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதன்பின் பேத்திக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய முறை இது. சாவியைத் திருகியதும் ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள ஆம்ப்ஸ் மீட்டரைப் பார்க்க வேண்டும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால், ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் முள் நடுவுக்கு வரும், கிக்கரும் கடினமாகும். அங்கே நிறுத்தி, இடது கைப்பிடியில் உள்ள, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் சிறிய டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்தபடி கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளி, பிஸ்டனை உச்சியைத் தாண்டவிட வேண்டும். லீவரை விட்டுவிட்டு, கிக்கரை முழுவதும் மேலே வரவிட்டு, அதன்பிறகுதான் ஒரே சீரான உதை. பலம் முக்கியமில்லை, முள் சொல்வதைக் கேட்பதே முக்கியம். முள்ளைப் பாராமல் ஆவேசமாக உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் எலும்பே முறியக்கூடும். கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருப்பதால், இன்றைய வண்டிகளில் பழகிய பேத்தி காலியான மைதானம் ஒன்றில் சில நாட்கள் பழகிவிட்டுச் சாலைக்கு வரட்டும். கணவர் வைத்திருந்த ஸ்பேனர்களையும், நுண்ணிய இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜையும் வண்டியோடு சேர்த்தே பேத்திக்குக் கொடுங்கள்.

குடும்ப ஓய்வூதியம் பற்றித் தாங்கள் எழுதவில்லை. ஒருவேளை விட்டுப்போயிருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கணவரின் மறைவைப் பதிந்து, பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணைய வசதியில் தங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று தர வேண்டியிருக்கும். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவ வசதியும் குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கு உண்டு.

கேள்வி: எங்கள் பகுதி புல்லட் நண்பர்கள் குழுவில் மூத்தவராக இருந்த முன்னாள் கடற்படை வீரர் ஒருவர் காலமாகிவிட்டார். அவர் நினைவாக ஓர் ஊர்வலம் போக விரும்புகிறோம். அமெரிக்காவில் முன்னாள் வீரர்களின் இறுதிச் சடங்குகளுக்கு மோட்டார் சைக்கிள்கள் அணிவகுத்து வருவதைப் பார்த்திருக்கிறோம். அவருடைய நினைவு நாளில் செய்வதா, கடற்படை நாளில் செய்வதா என்றும் எங்களுக்குள் விவாதம். (வாசகர், கோவை)

பதில்: அமெரிக்காவில் தாங்கள் பார்த்தது பெரும்பாலும் 2005இல் கான்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய ஒரு தன்னார்வ அமைப்பின் வழக்கமாக இருக்கலாம். படைவீரர்களின் இறுதிச் சடங்குகளில் சிலர் இடையூறு செய்தபோது, குடும்பத்தாருக்குப் பாதுகாப்பாகக் கொடியேந்தி நிற்பதற்காக மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு அது. குடும்பம் அழைத்தால் மட்டுமே அவர்கள் போவார்கள். அந்த ஒழுங்கை மட்டும் தாங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அவருடைய மனைவியிடமும் பிள்ளைகளிடமும் கேளுங்கள்.

கடற்படை நாளான டிசம்பர் 4, 1971இல் நம் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய நாள்; கிழக்கே விக்ராந்தின் விமானங்கள் முதல் தாக்குதலை நடத்தியதும் அதே நாளில்தான். அது எல்லாருக்கும் உரிய நாள். அதே போரில் டிசம்பர் 9ஆம் தேதி நம் குக்ரி போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டு, 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிர் நீத்தார்கள். தங்கள் நண்பர் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவரானால், அந்த நாளும் அவருக்கு முக்கியமாக இருந்திருக்கும். இவ்வளவுக்கும் பிறகு என் பரிந்துரை அவருடைய சொந்த நினைவு நாள்தான். கடற்படை நாளில் அவர் ஆயிரக்கணக்கானோரில் ஒருவர்.

காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி பெறுங்கள். அனைவரும் தலைக்கவசம் அணியுங்கள். சைலன்சரை மாற்றிய வண்டிகளைச் சேர்க்காதீர்கள். மருத்துவமனையும் பள்ளியும் உள்ள தெருக்களைத் தவிர்த்து, அவர் வழக்கமாகப் போய்வந்த சாலை எதுவோ அதிலேயே, அவர் ஓட்டிய வேகத்திலேயே போங்கள். அவருடைய வண்டி ஓடும் நிலையில் இருந்தால், அதை அவருடைய குடும்பத்தில் ஒருவர் முன்னால் ஓட்டிச் செல்லட்டும்.